ஷிஃப்ட் மாறும் வீட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் சமயத்தில், முதல் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகும் இளம் பெற்றோர்கள் இப்போதும் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். பாதிப் பேர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள். சிலர் தேர்வாய்கண்டிகைப் பக்கம் போகிறார்கள், சிலர் செங்கல் சூளைக்கு. ஏறக்குறைய எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டீச்சர், நாங்க ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போறோம். புள்ளையோட உக்காரவே நேரம் இல்ல. அது நல்லாப் படிக்குமா?" படிக்கும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லிவருவதை எண் போட்டு எழுதியிருக்கிறேன். எல்லாம் சம எடை உள்ளவை அல்ல. முதல் இரண்டையும் ஏழாவதையும் மட்டும் எப்பாடுபட்டாவது கடைப்பிடியுங்கள்.

1. உங்கள் ஷிஃப்ட் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாராவாரம் ஏ, பி, சி என்று மாறுவது உங்களுக்குப் பழகிவிடும். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பழகாது. போன வாரம் சாயங்காலம் தோளில் தூக்கிப்போன அப்பா இந்த வாரம் ஏன் வீட்டில் இல்லை என்று அதற்குப் புரியாது. காரணம் தெரியாத பிள்ளை தானாக ஒரு காரணம் கண்டுபிடிக்கும். 'நான் சேட்டை பண்ணேன், அதான் அப்பா வரல' என்பதுதான் அது பெரும்பாலும். வகுப்பில் மேசையில் தலை கவிழ்த்துப் படுத்திருக்கும் பிள்ளைகளிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தால் இந்த மாதிரிப் பதில்தான் வரும்.

புதுகும்மிடிப்பூண்டியில் இருந்து வந்த ஒரு குழந்தையின் அம்மா இதற்கு ஒரு வழி செய்தார். ரேஷன் கார்டு வைக்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு மாதக் காலண்டரை மாட்டினார். காலை ஷிஃப்டுக்கு மஞ்சள், மதிய ஷிஃப்டுக்குப் பச்சை, நைட்டுக்கு நீலம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடுத்த வாரத்துக் கட்டங்களுக்கு வண்ணம் தீட்டுவது அந்தக் குழந்தையின் வேலை. சில வாரங்களில் அவள் வகுப்புக்குள் நுழையும்போதே "டீச்சர், இன்னிக்கி அம்மா பச்சை, நான் ஆயா கூடப் படுத்துப்பேன்" என்று சொல்ல ஆரம்பித்தாள். அம்மா இல்லாத இரவு அவளுக்கு முன்கூட்டியே தெரிந்த இரவாகிவிட்டது. தலை கவிழ்த்துப் படுப்பது நின்றது. கிழமை, தேதி, மாதம் எல்லாவற்றையும் வகுப்பில் முதலில் கற்றுக்கொண்டவளும் அவள்தான்.

திடீரென ஓ.டி. வந்தால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிடுவதோடு நிறுத்தாதீர்கள். பிள்ளையை ஃபோனில் கூப்பிட்டு, "இன்னிக்கி அப்பா வர லேட்டாகும், நாளைக்குக் காலையில நான்தான் உன்ன ஸ்கூல்ல விடுவேன்" என்று அதனிடமே சொல்லுங்கள். சொன்னால் சொன்னபடி காலையில் எழுந்து கூட்டிப்போங்கள்.

2. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், எது நடந்தாலும் தவறாமல்.

நாள் முழுதும் பிள்ளை பக்கத்திலேயே இருப்பது உங்களால் முடியாது. அதற்காகக் குற்ற உணர்ச்சியில் பிஸ்கட் பாக்கெட்டும் பொம்மைக் காரும் வாங்கிக் குவிக்காதீர்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஓர் இடைவெளி இருக்கிறது, அதைக் கண்டுபிடியுங்கள். நைட் முடித்து ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்கு, பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் எட்டரை வரை நேரம் இருக்கிறது. வந்ததும் படுத்துவிடாமல், குளிப்பாட்டுவதையோ தலை வாரிவிடுவதையோ உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். மதிய ஷிஃப்ட் என்றால் இரவு நீங்கள் வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். அந்த வாரம் காலைதான் உங்களுடையது. காலை ஷிஃப்ட் வாரத்தில் சாயங்காலம் முழுக்க இருக்கிறது.

அந்தக் கால் மணி நேரத்தில் ஃபோன் அலமாரியில் இருக்கட்டும். வீட்டுப்பாடம் அதில் சேராது. "இன்னிக்கி என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கி யார் பக்கத்துல உக்காந்த? விளையாட்டு பீரியட்ல யார் ஓடிப் புடிச்சா? டீச்சர் யாரத் திட்டுனாங்க?" என்று கேட்டுப்பாருங்கள். பிள்ளை வாய் திறக்கும். திறந்த பிறகு நடுவில் புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

லைன் வீட்டில் ஒற்றை அறையில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நைட் ஷிஃப்ட் பார்த்த அப்பா பகலில் தூங்க வேண்டும், பிள்ளை சத்தம் போடக் கூடாது. விடுமுறை நாளில் "ஷ்... அப்பா தூங்குது" என்ற அதட்டலையே நாள் முழுதும் கேட்டு வளர்கிற பிள்ளை, தான் இருப்பதே தொந்தரவு என்று நினைக்க ஆரம்பிக்கிறது. தூக்கத்துக்கு ஒரு முடிவு நேரம் வையுங்கள். "ரெண்டு மணிக்கு நீதான் அப்பாவ எழுப்பணும்" என்று பிள்ளையிடமே பொறுப்பைக் கொடுங்கள். அதுவரை சத்தமில்லாமல் இருப்பது அதற்குத் தண்டனையாகத் தெரியாது.

3. புகழ்வதில் கவனம் வேண்டும்.

பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வரட்டும் என்று எதற்கெடுத்தாலும் 'நீ பெரிய அறிவாளிடா' என்று சொல்கிற வழக்கம் இப்போது வந்திருக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் பலன் வேறாக இருக்கிறது. அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வை 1998-இல் வெளியிட்டார்கள். ஒரு புதிரைப் போட்டு முடித்ததும் சில பிள்ளைகளிடம் 'நீ புத்திசாலி' என்றார்கள், சிலரிடம் 'நன்றாக முயற்சி செய்தாய்' என்றார்கள். அடுத்துக் கடினமான புதிர்களில் எல்லாரும் திணறினார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் அதற்குப் பிறகு சோர்ந்துபோனார்கள், முன்பு போட்ட அளவுக்குக்கூடப் போடவில்லை. முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் போட்டுப் பார்த்தார்கள்.

வகுப்பறையில் இதை நாங்கள் நேராகவே பார்த்திருக்கிறோம். வீட்டில் 'எங்க வீட்டுக் கலெக்டர்' என்று கொண்டாடப்படும் பிள்ளை, தெரியாத கேள்வி வந்தால் கையைத் தூக்காது. தூக்கித் தப்பாகச் சொன்னால் அந்தப் பட்டம் போய்விடுமே! ஆகவே பட்டம் வேண்டாம். பிள்ளை செய்த காரியத்தைச் சொல்லுங்கள்: "மூணு தடவ அழிச்சிட்டு மறுபடி எழுதினியே, இந்த 'ழ' இப்ப நல்லா வந்திருக்கு." தான் செய்ததை அம்மா பார்த்திருக்கிறாள் என்பது பிள்ளைக்குப் போதும்.

4. அடுத்த வீட்டுப் பிள்ளையோடும், கூடப்பிறந்ததோடும் ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். விருந்தாளிகள் முன்னால் பிள்ளையின் குறையைப் பேசாதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை, உங்களுக்கே சின்ன வயதில் நடந்திருக்கும்.

5. வீட்டில் பிள்ளைக்கு ஒரு வேலை இருக்கட்டும், ஆனால் உங்கள் சுமை அதன் தலையில் ஏறக் கூடாது.

தண்ணீர் குடத்தை மூடி வைப்பது, பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, சாப்பிடத் தட்டு வைப்பது என்று வயதுக்குத் தகுந்த ஒரு வேலை. பிள்ளை செய்யாவிட்டால் வீட்டில் அந்தக் காரியம் நடக்காது என்ற அளவுக்கு உண்மையான வேலையாக இருக்க வேண்டும். 'இந்த வீட்டுக்கு நான் வேணும்' என்ற நினைப்பை வேறு எதனாலும் கொடுக்க முடியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி கொடுங்கள்.

அம்மா காலை ஷிஃப்டுக்குப் போகிறாள் என்று மூன்றாம் வகுப்புப் படிக்கும் மூத்த பெண் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுகிறாளே, அது வேறு. அது அந்தக் குழந்தையின் படிப்பைத் தின்கிற வேலை. முதலில் வாரத்துக்கு ஒரு நாள் லீவு என்று ஆரம்பிக்கும். அந்த நாளில் நடத்திய பாடம் அவளுக்குப் புரியாது, புரியாததால் அடுத்த நாளும் போகப் பிடிக்காது. ஆறாம் வகுப்புக்கு வரும்போது அவள் தானாகவே நின்றிருப்பாள். சின்னப் பிள்ளையை அங்கன்வாடியில் விடுங்கள், ஊரிலிருந்து ஆயாவை வரவழையுங்கள், இல்லையென்றால் எதிரெதிர் ஷிஃப்ட் கேட்டு வாங்குங்கள். படிக்கிற பிள்ளையை நிறுத்தாதீர்கள்.

6. வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்களோ அதையே பேசுங்கள்.

எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. இந்தப் பக்கத்தில் தெலுங்கு பேசும் வீடுகள் ஏராளம். கம்பெனிகளுக்கு பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்து குடும்பத்தோடு தங்கியவர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் சேர்த்ததும் 'இனிமே வீட்டுலயும் தமிழ்தான்' என்று சட்டம் போடுகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். சில ஆசிரியர்களும் அப்படிச் சொல்வதுண்டு. என் கருத்து அதற்கு நேர் எதிர். அரைகுறைத் தமிழில் 'சாப்டு, படு, எழுந்திரு' என்று நாலு வார்த்தை பேசுவதைவிட, அவ்வா தெலுங்கில் சொல்லும் கதை பிள்ளைக்கு ஆயிரம் மடங்கு நல்லது. கதை கேட்ட பிள்ளைக்கு எந்த மொழியிலும் கதை புரியும். தமிழைக் கற்றுக்கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து பருவத்துக்கு வருகிற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அவர்கள் ஊர்ப் பாடப் புத்தகங்களையே தருவித்து ஒடியா மொழியில் பாடம் நடத்தியிருக்கிறார்கள். சூளை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது பள்ளி விட்ட இடத்திலிருந்து தொடரட்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. பேசும் மொழிக்காகக் கூச்சப்படாத பிள்ளை வகுப்பில் வாய் திறந்து பேசும். வாய் திறந்து பேசுகிற பிள்ளையின் தப்பைத்தான் ஆசிரியரால் திருத்த முடியும்.

7. மார்க் குறைந்தால், எங்கே தடுக்கியது என்று தேடுங்கள்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 'பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வந்துவிட்டால் மார்க் தானாக வரும்' என்று பலரும் பேசுகிறார்கள். 2003-இல் ராய் பாமைஸ்டரும் அவரோடு சேர்ந்த மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, தன்மதிப்பை உயர்த்தினால் படிப்பு உயர்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். நன்றாகப் படிக்க வருவதால்தான் ஓரளவுக்குத் தன்மதிப்பும் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. என் வகுப்பறை அனுபவமும் அதுதான். 'உன்னால முடியும்' என்று நூறு தடவை சொன்னாலும் கழித்தல் வராது. கழித்தல் வந்துவிட்டால், 'என்னால முடியும்' என்று பிள்ளை தானே சொல்லும்.

ஒரு பையன் கழித்தலில் எல்லாமே தப்பாகப் போட்டான். வீட்டில் அடி, டியூஷனில் திட்டு, 'மக்கு' என்ற பெயர். அவன் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 52-இல் 27 போனால் 35 என்று எழுதியிருந்தான். 63-இல் 48 போனால் 25. இரண்டு கணக்கிலும் ஒரே மாதிரித் தப்பு. இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழில் இரண்டைக் கழித்து 5 போட்டிருக்கிறான். பெரியதில் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான்! அவன் மக்கு இல்லை. பத்தைக் கடன் வாங்குவது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, "இதுலேருந்து இருபத்தேழு குச்சி எனக்குக் குடு" என்றேன். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான். அந்த வாரம் முடிவதற்குள் கரும்பலகைக்கு வந்து மற்ற பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினான்.

உங்களுக்குப் படிப்பு வராவிட்டாலும் இதைச் செய்யலாம். "இத எப்படிப் போட்ட, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல எங்கே தடுக்குகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் வாருங்கள். ரிப்போர்ட் கார்டில் வெறும் எண்தான் இருக்கும். பிள்ளை எப்படி யோசித்தது என்பது நோட்டில்தான் தெரியும்.

8. வாசிப்பு எட்டு வயதுக்குள் கைக்கு வந்துவிட வேண்டும்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அ, ஆ தடுமாறிய நிலையைப் பார்த்தோம். அதைச் சரிசெய்யத்தான் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூன் 13 அன்று நம் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தொடங்கப்பட்டது. வகுப்பில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளை முதல் நிலையான அரும்பில் இருக்கிறது என்று தெரிந்தால் வருத்தப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்குத்தான் அந்தப் பிரிவு.

வீட்டில் புத்தகம் இல்லையென்றால் ஊரே புத்தகம். எலெக்ட்ரிக் ட்ரெயினில் சென்ட்ரல் போகும்போது பிள்ளையை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர். பெயர் நீளமாக இருக்கும், வண்டி கொஞ்சநேரம்தான் நிற்கும், பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு. திரும்பி வரும்போது அடுத்து என்ன ஸ்டேஷன் என்று முன்கூட்டியே சொல்லும்.

9. சாப்பாடு.

1956-இல் காமராஜர் ஆட்சியில் மாநிலம் முழுவதற்கும் வந்த மதிய உணவையும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவையும் சாப்பிட்டுப் படித்து வந்த பரம்பரை நாம். இப்போது காலை உணவும் பள்ளியிலேயே இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அது நீட்டிக்கப்பட்டது 2024 ஜூலை 15 அன்று, நம் மாவட்டத்துக் கீழச்சேரியில். காலை ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்கே கிளம்பும் அம்மாக்களுக்கு இது பெரிய உதவி. 'என் புள்ளைக்கு நான் ஆக்கிப்போட முடியலையே' என்று மனதுக்குள் குமைய வேண்டாம். ரவா உப்புமாவும் கிச்சடியும் வயிற்றில் விழுந்த பிள்ளை முதல் பீரியடில் விழித்திருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும்.

காலைச் சமையலில் மிச்சமாகும் நேரத்தை வேறு வேளைக்குச் சேர்த்துவையுங்கள். வாரத்தில் முடிந்த அத்தனை வேளையும் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து, டி.வி.யை நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள்.

10. வீட்டில் சண்டை என்றால் பிள்ளைக்குப் பாடம் ஏறாது.

சம்பள நாள் இரவு குடித்துவிட்டு வந்து நடக்கும் சண்டை மறுநாள் காலை எங்கள் வகுப்பறைக்கு வந்துவிடும். பென்சிலைப் பிடித்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தாலே தெரியும். அதன் காதில் நாங்கள் சொல்வது விழாது, ராத்திரி கேட்ட சத்தம்தான் கேட்டுக்கொண்டிருக்கும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பெற்றோர்கள் பலரும் பிள்ளை தூங்குகிறது என்று நினைத்துச் சண்டை போடுவதுதான். ஒற்றை அறை வீட்டில் எந்தப் பிள்ளையும் தூங்குவதில்லை, கண்ணைத்தான் மூடியிருக்கும்.

கணவனைத் திருத்த முடியாமல் தனியாகத் தவிக்கும் அம்மாக்களுக்கு ஒரு செய்தி சொல்வேன். ஹவாய்த் தீவுகளில் கவாய் என்றொரு தீவு. அங்கே 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் அதில் நிறைய. வறுமை, குடி, குடும்பச் சண்டை என்று எல்லாம் சூழப் பிறந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கு நன்றாக, நிதானமான மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்கெல்லாம் சின்ன வயதில் தங்களை உறுதியாக நேசித்த ஒரு ஆள் இருந்தார். அம்மா, இல்லாவிட்டால் பாட்டி, அக்கா, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரோ ஒருவர். வீட்டில் அவர்களை நம்பிக் கொடுத்த பொறுப்புகளும் இருந்தன. ஆக, வீட்டில் ஒருவர் சரியில்லை என்பதற்காகப் பிள்ளையின் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு ஆளாக நீங்கள் இருங்கள். ஊரில் இருக்கும் உங்கள் அம்மாவோடு பிள்ளை தினமும் பேசட்டும். அடி, ஆபத்து என்று போனால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

11. கும்மிடிப்பூண்டி முகாமைப் பாருங்கள்.

1990-இல் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு இங்கே அமைத்த முகாமில் நெருக்கமான சின்ன வீடுகள். சொந்தமாக நிலம் இல்லை, குடியுரிமை இல்லை, பெரியவர்களுக்குப் பெயின்ட் வேலையும் கூலி வேலையும்தான். அந்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் பட்டப்படிப்பு வரை போயிருக்கிறார்கள். 1984-இல் சந்திரகாசன் என்பவர் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தமிழ்நாட்டு முகாம்களில் மாலை வகுப்புகளுக்கு ஏற்பாடு செய்தது, முகாமில் படித்த பெரிய பிள்ளைகளே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். என்னிடம் படித்த முகாம் பிள்ளைகளின் அம்மாக்களிடம் ஒரு வழக்கத்தைக் கண்டேன். சாயங்காலம் விளக்கு வைத்தால் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருக்காது. பாயில் ஒரு மூலை அதற்கென்று ஒதுக்கியிருப்பார்கள். விருந்தாளி வந்தாலும் அந்த மூலைக்கு மாற்றம் கிடையாது. இடம் சின்னது என்பது நமக்கும் ஒரு காரணமே இல்லை.

12. பள்ளிக்கு வாருங்கள்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. அதன்படி அமைத்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் குழுவின் தலைவராக ஓர் அம்மாதான் இருக்கிறார். 'நமக்கென்ன தெரியும்' என்று ஒதுங்காதீர்கள். கழிவறைக் கதவு உடைந்திருந்தால் அதைச் சொல்ல எம்.ஏ. படித்திருக்க வேண்டியதில்லை. கூட்ட நாளில் ஷிஃப்ட் மாட்டிக்கொண்டால் முந்தைய நாளே ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வேறொரு நாள் பள்ளி விடுகிற நேரத்துக்கு வாருங்கள். தன் அப்பா யூனிஃபார்மோடு பள்ளி வாசலில் வந்து நின்று டீச்சரிடம் பேசுகிற அன்று பிள்ளையின் நடையே வேறு மாதிரி இருக்கும். ஆலோசனை தேவைப்பட்டால் 14417 என்ற கல்வி உதவி எண்ணும் இருக்கிறது.

13. உங்கள் வேலையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

"அப்பா என்ன வேலை?" என்று வகுப்பில் கேட்டால் "கம்பெனி" என்று மட்டும் சொல்லும் பிள்ளைகள்தான் அதிகம். அந்தக் கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்றால் தெரியாது. இரும்பு உருக்குகிறீர்களா, டயர் செய்கிறீர்களா, பெட்டி கட்டுகிறீர்களா என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். உங்கள் கையிலிருக்கும் தீக்காயத் தழும்பு எப்படி வந்தது, மிஷின் ஓடும்போது ஏன் கையை உள்ளே விடக் கூடாது, எடை எப்படிப் போடுகிறீர்கள், அளவு பார்க்க என்ன கருவி என்று சொல்லுங்கள். அதில் அறிவியலும் கணக்கும் இருக்கிறது. 'படிக்கலன்னா என்ன மாதிரி கம்பெனியில கஷ்டப்படுவ' என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் உங்கள் உழைப்பையும் இழிவாக்குகிறீர்கள், பிள்ளை தன் அப்பாவை நினைத்து வெட்கப்படவும் கற்றுக்கொடுக்கிறீர்கள். அப்பாவை நினைத்து வெட்கப்படும் பிள்ளைக்குத் தன்மேல் மரியாதை எங்கிருந்து வரும்?

மேலே படிக்க வைக்க வேண்டும் என்ற ஆசையை வேறு வழியில் காட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரிக்குப் போகும்போது உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரியின் வாசலைக் காட்டி, "பெரியவளானதும் இங்க வரலாம்" என்று சொல்லிவையுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு, 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். பையன்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் வந்திருக்கிறது. பதினெட்டு வயதானதும் கான்ட்ராக்டில் கையில் காசு வருகிறதே என்று பையனை இழுக்கும் ஆசையை எதிர்க்க, அதற்குப் பத்து வருடம் முன்பே இந்தப் பேச்சு வீட்டில் தொடங்கியிருக்க வேண்டும்.

ஆயுத பூஜை அன்று பல கம்பெனிகளில் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். உங்கள் கம்பெனியில் உண்டா என்று சூப்பர்வைசரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். உண்டு என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் நிற்கும் மிஷின் முன்னால் அதை நிற்கவைத்து, எந்த பட்டன் எதற்கு என்று சொல்லிக்கொடுங்கள். அதன் கையாலேயே அந்த மிஷினுக்குப் பொட்டு வைக்கச் சொல்லுங்கள்.